ஈரக் கை

ஆகஸ்ட் 12, சனி

இன்று மித்ராவுக்கு ஐந்தாவது பிறந்தநாள். இன்று அவள் கையில் கொதிக்கிற எண்ணெய் தெறித்துவிட்டது.

அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். அப்பா வாசலில் பாய் விரித்திருக்கிறார். பாத்ரூம் விளக்கைப் போட்டு, கதவைப் பாதி சாத்தி, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். பழைய கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கம். யாராவது கேட்டால் கணக்குப் போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சோலா பூரி சுடும்போது நடந்தது. பூரி எண்ணெயில் விழுந்தது, எண்ணெய் வெடித்தது, மித்ரா பக்கத்தில் நின்றிருந்தாள். வலது கையில் முழங்கைக்குக் கீழே, கழுத்தில் இரண்டு இடத்தில். அவ்வளவுதான்.

பூரி எப்படி விழுந்தது என்பதை எழுதப்போவதில்லை. அம்மா இந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டால்?


ஆகஸ்ட் 13, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. முதலிலிருந்து எழுதினால் வருமோ என்னவோ.

எங்கள் காம்பவுண்டில் ஒன்பது வீடுகள். நடுவில் ஒரு குழாய். முதல் வீட்டில் ஓனரம்மா. மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா அதே கம்பெனியில் டெய்லர். எட்டாவது வீட்டில் குங்கும் இருக்கிறாள். கான்பூர் பக்கம் அவர்கள் ஊர். நாலாம் வகுப்பு படிக்கும்போது திருப்பூருக்கு வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். வந்த புதிதில் எல்லோரும் "குங்குமப்பொட்டு" என்று கேலி செய்தார்கள். போன பரீட்சையில் தமிழில் என்னைவிட எட்டு மார்க் அதிகம் வாங்கினாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவள் அம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு பட்டூரா கொடுத்தனுப்பினார்கள். ஹோட்டலில் சோலா பூரி என்று போடுகிறார்களே, அதுதான். ஆனால் இது வீட்டில் செய்தது. தட்டை மறைக்கிற அளவுக்கு உப்பி நின்றது. மித்ரா விரலால் குத்தினாள். ஆவி புஸ்ஸென்று வந்தது. "பலூன் பூரி, பலூன் பூரி" என்று குதித்தாள். இரண்டையும் அவளே தின்றுவிட்டு, பிறந்தநாளுக்கு இதுதான் வேண்டும் என்றாள்.

"சனிக்கெழம ஷிப்மெண்டு இருக்குது சாமி. அம்மா வரவே அஞ்சு மணியாயிரும். இன்னொரு நாளைக்குச் செஞ்சு தாரேன்" என்றாள் அம்மா.

"குங்கும் அக்கா செஞ்சு தருவா" என்றாள் மித்ரா.

எதற்கெடுத்தாலும் குங்கும் அக்கா. அதனால்தான் நான் சொன்னேன்: "நான் செஞ்சு தாரேன்டி."

அம்மா இல்லாதபோது வடச்சட்டியை அடுப்பில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சோறு வைக்கலாம், டீ போடலாம். எண்ணெய் காய வைக்கக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் குங்கும் வந்து மாவு பிசைந்து தந்தாள். மைதா, ஒரு கை ரவை, தயிர், கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. நம் பூரி மாவு மாதிரி கெட்டியாக இல்லை. காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது. ஈரத்துணி போட்டு மூடினாள். "ரெண்டு மணி நேரம் தொடாத. அத்தை வந்ததும் சுடலாம்" என்றாள்.

அம்மாவை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

நாலரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தோம்.

இல்லை. பற்ற வைத்தது நான்.


ஆகஸ்ட் 14, திங்கள்

பள்ளிக்குப் போனேன். குங்குமும் வந்திருந்தாள். "மித்ரா எப்புடி இருக்கா?" என்று கேட்டாள். நான் பையில் பென்சில் தேடினேன்.

முன் பெஞ்சு மோனிஷா திரும்பி, "ஏப்புள்ள, உன்ற தங்கச்சி மேல இவ எண்ணெய ஊத்திட்டாளாமா?" என்றாள். எங்கள் தெருவில் இருந்து ஆறு பேர் வகுப்பில் படிக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

குங்கும் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் பென்சில் தேடிக்கொண்டிருந்தேன். பென்சில் கையில்தான் இருந்தது.

சனிக்கிழமை அம்மா கம்பெனியில் இருந்து வந்தபோது, குங்கும் மித்ராவின் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடி, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். மித்ரா கத்திய கத்தலில் காம்பவுண்டே கூடிவிட்டது. நாலாவது வீட்டு ஈஸ்வரி அக்கா பல் விளக்குகிற பேஸ்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"பேஸ்ட் வேண்டாங்க்கா. தண்ணி மட்டும் போதும்" என்றாள் குங்கும்.

"விடு புள்ள கைய! சுட்டதும் பத்தாதுன்னு கொழந்தைய நனைச்சுட்டு நிக்கறா பாரு."

அவள் விடவில்லை. ஈஸ்வரி அக்கா தோளைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. அந்த நேரத்தில்தான் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் கேக் பெட்டி.

"ஐயோ, எங்கொழந்தைக்கு என்னாச்சு? யாரு பண்ணுனது?"

"வேற யாரு? இவங்க ஊட்டுப் பலகாரந்தான. ஏங் கௌசி, இவதான போட்டா?" என்று ஈஸ்வரி அக்கா என்னைக் கேட்டார்கள்.

நான் தலையை ஆட்டினேன்.

"நான் போடலீங்கத்தை" என்றாள் குங்கும். அம்மா "வாய மூடு" என்று சொல்லிவிட்டு மித்ராவைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.


ஆகஸ்ட் 15, செவ்வாய்

பள்ளியில் கொடியேற்றினார்கள். எனக்குக் கொடுத்த மிட்டாயை மித்ராவுக்கு எடுத்து வந்தேன். அவள் கையில் கட்டு இருப்பதால் நானே பிரித்து வாயில் போட்டேன்.

"நீ நல்ல அக்கா" என்றாள்.


ஆகஸ்ட் 16, புதன்

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கி வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான். "யாரு சாமி உன்னையச் சுட்டது?"

"குங்கும் அக்கா" என்கிறாள் மித்ரா.

ஒரு தடவைகூடத் தவறவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாள், ரைம்ஸ் சரியாகச் சொன்னேனா என்று டீச்சரைப் பார்க்கிற மாதிரி. ஏனென்றால் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரியில், அம்மா சீட்டு வாங்கப் போனபோது. நெசத்தைச் சொன்னால் அப்பா என்னை ஹாஸ்டலில் விட்டுவிடுவார், அப்புறம் அக்காவைப் பார்க்கவே முடியாது என்று சொன்னேன். ஊசி போட்டு அழுதுகொண்டிருந்தவளிடம் அதைச் சொன்னேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியாகிவிட்டது. நோட்டை என் தலையணைக்குள் வைக்கிறேன். பனியன் வேஸ்ட் அடைத்த தலையணை. அதற்குள் யாரும் கைவிட மாட்டார்கள்.


ஆகஸ்ட் 17, வியாழன்

கட்டு மாற்றப் போனோம். அம்மாவால் பார்க்க முடியாது என்று என்னையும் கூட்டிப்போனாள். நர்ஸ் கட்டைப் பிரித்ததும் நான் ஜன்னலைப் பார்த்தேன். மித்ரா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"சுட்டவொடனே தண்ணியில காட்டுனது யாருங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

அம்மா மித்ராவின் கவுனை இழுத்துவிட்டாள். பிறகு, "பக்கத்தூட்டுப் புள்ளைங்க" என்றாள்.

"ரொம்ப நேரம் விடாமக் காட்டியிருக்குது. அதனாலதான் ஆழமாப் போகல. தழும்பு லேசாத்தான் இருக்கும். இங்க வாரதுல பாதிப் பேரு பேஸ்டு, இட்லி மாவுன்னு அப்பிட்டு வந்து நிக்கறாங்க. அந்தப் புள்ளைக்கு நல்ல வெவரமுங்க."

பஸ்ஸில் அம்மா மித்ராவின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். எங்கள் ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், யாரிடமோ சொல்கிற மாதிரி, "சுட்டதும் அவளே, தண்ணி ஊத்துனதும் அவளே" என்றாள்.

நான் ஸ்டாப் வந்துவிட்டது என்று சொன்னேன். வரவில்லை.


ஆகஸ்ட் 18, வெள்ளி

குங்கும் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் பையை வைத்திருக்கிறாள்.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் குங்கும் வீட்டில் மூன்று பேரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவள் அம்மா கையில் ஒரு கத்தாழை மடல். அவள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

"தீதி, ரொம்ப தப்பு ஆச்சு. பாப்பாக்கு இது போடுங்க. நல்லா ஆகும்" என்றார்கள் அவள் அம்மா. பிசிறு வெட்டுகிற வேலை அவர்களுக்கு. பனியனில் தொங்குகிற நூலை வெட்டி வெட்டிக் கட்டைவிரலில் காய்ப்பு இருக்கும். அந்தக் கையோடு கும்பிட்டார்கள்.

அம்மா நிலையில் கைவைத்து மறித்த மாதிரி நின்றிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஈஸ்வரி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் அவரவர் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குங்குமின் அப்பா அவள் முதுகில் தட்டினார். "போல்" என்றார், சொல்லு என்கிற மாதிரி.

அவளுடைய இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"மன்னிச்சுக்க மித்ரா. சீக்கிரம் நல்லாயிரும்" என்றாள். மித்ராவைப் பார்த்து மட்டும் சொன்னாள். நான் அம்மாவுக்குப் பின்னால், மறைந்தும் மறையாமலும் நின்றிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். திரும்பிப் பார்த்தேன். அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. ஆனாலும் அவருக்குத்தான் பயந்தேன். என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம், "எங்கௌசி பொய் சொல்ல மாட்டா, அது போதும்" என்பார்.

"சரி, போங்க" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

கத்தாழையை ஜன்னலில் வைத்தாள். அப்போது அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்தாள். பட்டூரா வந்த தட்டு. "இது வேற கெடக்குது. வெறுந்தட்டா எப்புடித் திருப்பிக் குடுக்கறது, இதுல என்னத்த வெச்சுக் குடுக்கறது" என்று முணுமுணுத்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.


ஆகஸ்ட் 22, செவ்வாய்

இன்று ஈஸ்வரி அக்கா சொன்னது: ஓனரம்மா அவர்களை இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். "கொழந்தைங்க இருக்கற எடம், நாளைக்கு இன்னொண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்களாம்.

"அந்தப் புள்ளைய இனிப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பறதில்லைன்னு அவங்கப்பன் முடிவு பண்ணிட்டானாமா. அம்மாகூட கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகுதாமா. கண்ணு முன்னாலயே இருந்தா வம்பு வராதுன்னு சொல்றானாமா" என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார்கள்.

வகுப்பில் தமிழம்மா குங்குமை நிற்க வைத்து, "டீசி கேட்டு உங்கப்பா வந்தாராமே, ஏன்?" என்றார். "வீடு மாத்தறோம் மிஸ்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதி என்ன பிரயோசனம்?

அன்றைக்கு அம்மா வரட்டும் என்றுதான் குங்கும் சொன்னாள். மித்ரா சிணுங்கினாள். நான் எண்ணெயைக் காய வைத்தேன். குங்கும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை என்றதும், "சரி, எங்க வீட்டுப் பெரிய கண்கரண்டிய எடுத்துட்டு வாரேன். உங்கது சின்னது, பட்டூராவத் திருப்ப முடியாது. நான் வர்ற வரைக்கும் போடாத" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "மாவு கையில ஒட்டும். எண்ணெயத் தொட்டுக்க. தண்ணி தொடாத" என்றாள்.

"எங்க வீட்ல வடைக்குத் தண்ணிதான் தொடுவோம். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அம்மா வடை சுடும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பாள். கையை நனைத்து, மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அப்படியே எண்ணெயில் வழுக்கி விடுவாள். ஒரு துளி தெறிக்காது. நானும் அப்படி வடை தட்டியிருக்கிறேன். அதே கிண்ணத்தை எடுத்து வைத்தேன்.

குங்கும் வருவதற்குள் ஒன்றைச் சுட்டு, அவள் வந்ததும் மித்ரா கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாவு பலகையில் ஒட்டியது. இரண்டு கையையும் நன்றாக நனைத்து, பூரியை எடுத்தேன். அது பெரிதாக, தொளதொளவென்று இருந்தது. அதன் மேல் தண்ணீர் தேங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. மித்ரா, "நான் பாக்கறேன், நான் பாக்கறேன்" என்று எக்கினாள். சூடு பட்டுவிடும் என்று பயந்து மேலிருந்தே போட்டேன்.

கண்கரண்டியோடு ஓடி வந்து அடுப்பை அணைத்ததும் குங்கும்தான். நான் ஈரக் கையோடு நின்றிருந்தேன். என் மேல் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படவில்லை.


ஆகஸ்ட் 24, வியாழன்

சொல்லிவிடலாம் என்று அம்மா பக்கத்தில் போனேன். "என்ன?" என்றாள். பசிக்கிறது என்றேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றித் தந்தாள். தின்றேன்.


ஆகஸ்ட் 26, சனி

மித்ராவுக்குக் கழுத்தில் பொருக்கு உதிர்ந்துவிட்டது. கையில் சின்னக் கட்டுத்தான். மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். குழாயடியில் குங்கும் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மித்ராவைப் பார்த்துச் சிரித்தாள்.

மித்ரா என் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவ வேண்டாம். அவ என்னையச் சுட்டுருவா" என்றாள்.

நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டைத் தாண்டியும் அவள் என் பாவாடையை விடவில்லை.

கடை மூலையில் உட்கார வைத்து, மெதுவாகக் கேட்டேன். "மித்து, இங்க யாரும் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதச் சொல்லு. பூரி போட்டது யாரு?"

"குங்கும் அக்கா."

"அது மத்தவங்களுக்கு. நெசமா யாரு?"

"நெசமாத்தான். குங்கும் அக்கா எண்ணெய ஊத்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்குது. நீ பக்கத்துல நின்னு அழுத."

"நான்டி. நான்தான போட்டேன்?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. "போ அக்கா, நீ என்னையச் சுடுவியா?"

அவளுக்கு நான் மறைக்கக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்கிறதற்கு இப்போது அவளிடம் ஒன்றும் இல்லை. இனி அதை இந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.


ஆகஸ்ட் 27, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நடுவில் அப்பாவின் வேட்டி. முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. வேட்டி ஓரத்தில் இருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

வேட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை.

"அந்தப் பொம்பளைய வாசல்ல நிக்க வெச்சுக் கதவச் சாத்துனேன்டி. அத்தன பேரு பாத்துட்டு இருந்தாங்க. கம்பெனியில வேற ஒவ்வொரு டேபிளா சொல்லிட்டு வந்திருக்கறன். இப்பப் போயி என்னன்னு சொல்றது? என்ற மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது?"

"சொல்லிரலாம்மா."

"நாலு நாள்ல போயிருவாங்க. வாய மூடிட்டு இரு. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த மனுசன் ஒடஞ்சே போயிருவாரு."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இன்றைக்கு எங்களுக்கெல்லாம் கறிக்குழம்பு பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை.

என்னிடம் இருந்ததைப் பாதியாகப் பிரித்து அவள் தலையில் வைத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் குறையவில்லை.


ஆகஸ்ட் 28, திங்கள்

குடிதண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும். இன்று காலை ஆறு மணிக்கு வந்தது. ஒன்பது வீட்டுக் குடங்களும் வரிசையில். வீட்டுக்குப் பத்துக் குடம்தான் என்று ஓனரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவார்கள்.

குங்கும் வீட்டு முறை வந்தது. அவள் அம்மா மூன்றாவது குடத்தை வைத்தபோது ஈஸ்வரி அக்கா, "காலி பண்றவங்களுக்கு எதுக்குங்க இத்தன கொடம்? தண்ணியவுமா வண்டியில ஏத்திட்டுப் போவாங்க?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அவ போடல" என்றேன்.

தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் கேட்டது. "கௌசி, உள்ள போ" என்றாள்.

"குங்கும் போடல. அன்னிக்குப் பூரி போட்டது நான்தான். அப்ப அவ இங்கயே இல்ல. கண்கரண்டி எடுக்க அவங்க வீட்டுக்குப் போயிருந்தா. தண்ணி தொடாதன்னு சொன்னா. நான்தான் தொட்டேன். நான் பொய்யாத் தலையாட்டுனேன்."

இந்த முறை கத்திவிட்டேன் போலிருக்கிறது. குடம் நிறைந்து வழிந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. ஓனரம்மா எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

குங்குமின் அம்மா, "க்யா போலீ?" என்று அவளைக் கேட்டார்கள். அவள் இந்தியில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. இரண்டு தடவை என் பெயர் வந்தது. அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. குங்குமின் கன்னத்தைத் தொட்டார்கள், அன்றைக்கு வீங்கியிருந்த பக்கம். பிறகு நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற குடங்களை வைக்கவே இல்லை.

அப்பா வாசற்படியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வழிகிற தண்ணீருக்கு அடியில் எங்கள் குடத்தை எடுத்து வைத்தார். அது நிறைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்று முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.


ஆகஸ்ட் 31, வியாழன்

"எனக்கு அப்பவே சந்தேகந்தான். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தாலே தெரியும், அப்பிராணி" என்று ஈஸ்வரி அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓனரம்மா குங்குமின் அப்பாவைக் கூப்பிட்டு, இருக்கிறதென்றால் இருங்கள் என்றார்களாம். "வேண்டாம் மேடம், வேற ரூம் பாத்தாச்சு. ஞாயித்துக்கெழம போறோம்" என்று சொல்லிவிட்டாராம்.

அப்பா நேற்று சாயங்காலம் எட்டாவது வீட்டுக்குப் போய்வந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. ஆனால் இன்று தமிழம்மா, "டீசி வேண்டாம்னு உங்கப்பா சொல்லிட்டுப் போனார், நல்லது" என்று குங்குமிடம் சொன்னார். பஸ்ஸில் வந்து படிப்பாள்.

அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை.


செப்டம்பர் 3, ஞாயிறு

அம்மா விடியற்காலையில் உளுந்து ஆட்டினாள். நான் எழுந்தபோது வடச்சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். அவள் ஒவ்வொரு வடைக்கும் கையை நனைத்தாள், உதறினாள், தட்டினாள், விட்டாள். உதறுவதை நான் இத்தனை நாள் கவனித்ததே இல்லை.

அந்த எவர்சில்வர் தட்டை நிமிர்த்தி, துடைத்து, வடைகளை அடுக்கினாள். நானும் கூடக் கிளம்பினேன்.

"நீ வராத. இது நான் பண்ணுனதுக்கு. உன்றத நீ போயிச் சொல்லு" என்றாள்.

எங்கள் வாசலில் இருந்து பார்த்தேன். எட்டாவது வீட்டு வாசலில் அம்மா தட்டோடு நின்றாள். இந்த முறை வெளியே நின்றது அவள். குங்குமின் அம்மா தட்டை வாங்கி, கட்டி வைத்திருந்த மூட்டைகளுக்கு மேல் வைத்தார்கள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. உள்ளே ஒன்றும் இருக்கவும் இல்லை. அம்மா கைகூப்பினாள். திரும்பி வந்து நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

சாமான் ஏற்ற டெம்போ வந்தபின் நான் போனேன். குங்கும் ஒரு பானையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எவ்வளவு தொட்ட?" என்று கேட்டாள், நிமிராமல்.

"ரெண்டு கையும்."

"தெரியும். பலகையெல்லாம் ஈரமா இருந்துச்சு. அன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொன்னேனே. நான் போடலன்னு அத்தைகிட்டச் சொன்னேன். நீ பக்கத்துலதான நின்ன."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னேன். அவள் "ம்" என்றாள். அவள் அப்பா கூப்பிட்டார். பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.


செப்டம்பர் 6, புதன்

குங்கும் மோனிஷா பக்கத்தில் மாறி உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் பேசுகிறாள். அவளாகப் பேசுவதில்லை.

அப்பா இன்று ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டார். எப்போதும் சொல்கிறதைச் சொல்லவில்லை. போட்டுவிட்டு, மூடியைப் பேனாவில் மாட்டி, என் கையில் கொடுத்தார்.


செப்டம்பர் 10, ஞாயிறு

குழாயடியில் நான் கத்தியதிலிருந்து தினமும் ஒன்று செய்கிறேன். சாப்பாடு ஊட்டும்போது மித்ராவிடம் கேட்கிறேன். "பூரி போட்டது யாரு?" அவள் "குங்கும் அக்கா" என்கிறாள். "இல்ல மித்து, நான்" என்கிறேன். அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கிண்ணம், பலகை, அவள் எக்கியது, நான் மேலிருந்து போட்டது. குங்கும் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மித்ரா கதை கேட்கிற மாதிரி கேட்கிறாள். மறுநாள் கேட்டால் திரும்பவும் "குங்கும் அக்கா."

பொய் நாலு நாளில் படிந்துவிட்டது. இது படிய மாட்டேன் என்கிறது.

இன்று தயிர்ச்சோறு ஊட்டினேன். கையில் கட்டு இல்லை. முழங்கைக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஒரு இலை மாதிரி இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே கேட்டேன். அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"கிண்ணத்துல தண்ணி இருந்துச்சு" என்றாள்.

"ஆமா."

"நீ கைய விட்ட."

"ஆமா."

அதற்கப்புறம் அவள் என் கையில் இருந்து அடுத்த வாயை வாங்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்து, அந்தக் கையாலேயே தானாகச் சாப்பிட்டாள்.